ஊர் வந்து சேர்ந்த பிறகு

அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில், ஷிஃப்ட் முடித்து வந்த தம்பி ஒருவர் கேட்டார்: "ஒடிசின்னா, அந்த ஒத்தக்கண் ராட்சசன் கதைதானே சார்?" பொறுமையாகச் சொல்ல வேண்டிய கதை. இன்னொரு டீ சொன்னேன்.

டிராய் போர் 10 ஆண்டு, நாயகன் ஒடிசியஸ் திரும்பி வர 10 ஆண்டு. அந்தப் பத்திலும் 7 ஆண்டு கலிப்ஸோ என்ற தேவதையின் தீவிலேயே கழிந்துவிடுகிறது. ராட்சசன் வருவது ஒரே பகுதியில்தான். ஹோமரின் காவியத்தில் 24 பகுதிகள். 13-ஆவதிலேயே ஒடிசியஸ் சொந்த ஊரான இதாகாவில் இறங்கிவிடுகிறார். பிச்சைக்காரக் கோலத்தில் வந்தவரை வீடு அடையாளம் காண்பதுதான் மீதிக் கதை. காலைக் கழுவிவிடும் செவிலி தொடைத் தழும்பைத் தொட்டதுமே கண்டுகொள்கிறாள். மனைவி பெனலோப்பி லேசில் நம்புவதில்லை. கட்டிலை வெளியே எடுத்துப் போடச் சொல்கிறாள். அவருக்குக் கோபம் பொங்குகிறது: வேரோடு நிற்கும் ஒலிவ மரத்தையே காலாக வைத்து நான் செய்த கட்டிலை யார் நகர்த்த முடியும்? அந்தக் கோபம்தான் அவளுக்கு வேண்டிய சாட்சி.

நம் நளன் கதையும் இதேதான். சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு போய் நளதீர்த்தத்தில் முழுக்குப் போடுகிறவர்கள் ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் நிறைய உண்டு. அவர்கள் புகழேந்தியின் நளவெண்பாவில் கலிநீங்கு காண்டத்தையாவது படிக்க வேண்டும் என்பது என் ஆசை. கார்க்கோடகன் என்ற பாம்பு தீண்டி உருவம் மாறிய நளன், அயோத்தி மன்னனிடம் தேரோட்டியாக இருக்கிறான். அவனை வரவழைக்கவே இரண்டாம் சுயம்வரம் என்று செய்தி அனுப்புகிறாள் மனைவி தமயந்தி. வந்தவனிடம் பிள்ளைகளை அனுப்பிப் பார்க்கிறாள், அவன் கலங்குகிறான். பிறகு அவன் சமைத்ததை வரவழைத்து வாயில் வைக்கிறாள். கைப்பக்குவம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

எனக்குக் கட்டிலைவிட இந்தச் சோறுதான் பெரிது. ஒடிசியஸ் போருக்குப் போனவர். நளனோ நள்ளிரவில், காட்டில், தூங்கும் மனைவியை விட்டுப் போனவன். அவனைத் தேட ஆள் அனுப்பியவளும் அவள்தான்.

"அப்புறம் சார்?" என்றார் தம்பி. நளன், முன்பு சூதில் தன் நாட்டை வென்ற புட்கரனோடு மறுபடி சூதாடி அதை மீட்கிறான். ஒடிசியஸுக்கு இன்னும் ஒரு பயணம் பாக்கி: துடுப்பைத் தோளில் சுமந்து, கடலையே அறியாத மக்களின் ஊர்வரை நடந்துபோய், கடல் தெய்வத்துக்குப் பலி கொடுக்க வேண்டும்.