சீசன் இலையும் பிசான வயலும்

ஆனி பிறந்து மேற்கு மலை கறுத்துச் சாரல் விழ ஆரம்பித்தால் எங்கள் பக்கம் ரெண்டு கூட்டத்துக்குக் கொண்டாட்டம். ஒன்று குற்றாலத்துக்குக் குளிக்க வருகிற கூட்டம். இன்னொன்று கார் நடவுக்கு நாற்றங்காலோடு காத்திருக்கிற நாங்கள். ரெண்டு பேருக்கும் ஒரே மழை, ஒரே தண்ணீர். அருவியில் விழுகிற தண்ணீர்தான் சிற்றாறாகத் தென்காசியைத் தாண்டி, வழியெல்லாம் அணைக்கட்டுகளில் கால்வாய்க்குத் திரும்பி, குளங்களைப் பெருக்கி, மிச்சம் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது.

அதனால் அருவிக்கரையில் உடை மாற்றும் அறை கட்டினாலும், கழிப்பறையைப் பூட்டிப் போட்டாலும், அது பேரூராட்சிக்கும் சுற்றுலாக்காரருக்கும் உள்ள பாடு என்று உழவர்கள் நாம் ஒதுங்கிவிட முடியாது. 2014-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு போட்டுக் குளிக்கத் தடை விதித்தது. நல்ல உத்தரவு. ஆனால் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவென்றே ஊர் விட்டு ஊர் வருகிறவரிடம் ‘கூடாது’ என்று பலகையை மட்டும் காட்டிப் பயனில்லை. சோப்புப் போடத் தனிக் குழாயடி வேண்டும். அந்தத் தண்ணீர் ஆற்றில் சேராமல் கல்வாழைப் பாத்திக்குப் போகிற மாதிரி வடிகால் வேண்டும். தடையும் வசதியும் சேர்ந்தே வந்தால்தான் நுரை எங்கள் மடைக்கு வராமல் நிற்கும்.

நான் சொல்ல வந்தது குப்பையைப் பற்றி.

சீசனில் ஒருநாள் கடைவீதிப் பக்கம் நின்று பாருங்கள். சாப்பாட்டு இலை, பரோட்டாக் கடை மிச்சம், இளநீர்க் கூடு, பலாச் சக்கை, ரம்புட்டான் தோல், மங்குஸ்தான் ஓடு. எல்லாம் மட்கும் சரக்கு. ஆனி, ஆடியில் சேருவதை ஒழுங்காகக் குவித்தால், இளநீர்க் கூடு நீங்கலாக மற்றது ஒன்றரை, ரெண்டு மாதத்தில் மட்கிவிடும். புரட்டாசி, ஐப்பசியில் பிசானத்துக்கு அடியுரம் தேடி நாம் அலைகிற நேரத்தில் கையில் இருக்கும். இவ்வளவு பொருத்தமாக அமைந்த காலக் கணக்கு வேறு எந்த ஊருக்கு வாய்க்கும்?

இந்தக் கணக்கை நம்பித்தான் சில வருஷத்துக்கு முன்னால் நான் சூடுபட்டேன். எந்த ஊர் என்பது வேண்டாம். ஓர் உள்ளாட்சிக் கிடங்கில் மட்கு சும்மா கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு ரெண்டு டிராக்டர் அடித்துக் கொட்டினேன். பார்க்கக் கறுப்பாக, பொலபொலவென்றுதான் இருந்தது. தொழியில் இறங்கி நட்ட அக்கா ஒருவர் பாதத்தில் கண்ணாடிச் சில்லு ஏறிவிட்டது. நாலு தையல். மருத்துவச் செலவைக் கொடுத்தேன், அவருக்குப் போன வேலை நாளைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? அடுத்த பூவுக்குக் கூப்பிட்டபோது, “ஒன் வயலுன்னா வேண்டாம் தம்பி. செருப்பு மாட்டிக்கிட்டா நட முடியும்?” என்று கேட்டுவிட்டார். மூன்று வருஷம் ஷாம்பு பாக்கெட் பொறுக்கினேன். இப்போதும் உழும்போது ஒன்றிரண்டு வெள்ளையாக மினுங்கும்.

அதோடு விட்டிருப்பேன். பக்கத்துப் பேரூராட்சி ஒன்றின் வளம் மீட்புப் பூங்காவுக்கு ஒரு நண்பர் இழுத்துக்கொண்டு போனார். பெயர்தான் பூங்கா, உரக்கிடங்குதான் அது. அங்கே வேலை பார்க்கும் தூய்மைப் பணியாளர் அம்மா ஒரே வார்த்தையில் என் தப்பைச் சொன்னார்: “மக்குனதுக்கு அப்புறம் சலிச்சா சில்லு போகாது அண்ணாச்சி. வீட்டு வாசல்லயே பிரிச்சு வாங்கணும். கலந்து வந்தா கலந்ததுதான்.”

2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளும் இதைத்தான் சொல்லின. மட்குவது, மட்காதது, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துத் தர வேண்டியது குப்பை போடுகிறவர் கடமை என்றன. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை தள்ளும் விடுதியும் உணவகமும் அவற்றின்படி மொத்தக் கழிவாளர் கணக்கில் வந்தன. மட்குவதைக் கூடியவரை தங்கள் வளாகத்திலேயே மட்க வைக்க வேண்டும் என்று இருந்தது. சீசன் ஊருக்கு இந்த விதி ரொம்ப முக்கியம். பெரிய விடுதிகள் தங்கள் பங்கைச் செய்யாமல் பேரூராட்சி வண்டியில் ஏற்றிவிட்டால் எந்தக் கிடங்கும் தாங்காது.

அந்த அம்மாவிடம் கற்றதையும் நான் பட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். மட்கு வாங்கப் போனால் முதலில் முடிந்த குவியலைப் பார்க்காதீர்கள், உள்ளே வருகிற வண்டியைப் பாருங்கள். இலை தனியாக இறங்குகிறதா என்பதே பாதிச் சான்று. வேகிற குவியலுக்குள் ஒரு கம்பியைச் செருகிச் சற்று நேரம் கழித்து உருவித் தொட்டால் கை பொறுக்காத சூடு இருக்க வேண்டும். 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால்தான் களை விதையும் நோய்க்கிருமியும் சாகும். முடிந்த மட்கில் ஒரு கை அள்ளி, ஈரமாக்கி, பாலித்தீன் பையில் மூன்று நாள் கட்டி வையுங்கள். திறக்கும்போது மண் வாசம் வந்தால் சரி, புளித்த நாற்றம் வந்தால் இன்னும் வேகவில்லை. பாதி மண், பாதி மட்கு கலந்து பாசிப்பயறு ஊன்றிப் பார்ப்பதும் நல்லது. முளை மஞ்சளடித்து நின்றால் வயலுக்கு ஆகாது.

ஆய்வறிக்கை கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகர மட்கில் 90 சதவீதமாவது 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும். ஒரு கிலோவில் ஈயம் 100 மில்லிகிராமையும் காட்மியம் 5 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. இயற்கை வேளாண் சான்று வைத்திருப்பவர்கள் தங்கள் குழுவிடம் கேட்காமல் ஒரு கூடைகூட இறக்க வேண்டாம். நகர மட்கு என்றாலே அங்கே கேள்வி வரும்.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஆலப்புழை இருக்கிறது. 2012 வாக்கில், குப்பை கொட்டப்பட்டுவந்த சர்வோதயபுரம் கிராம மக்கள் லாரிகளை மறித்துவிட்டார்கள். அப்புறம்தான் நகராட்சி வீட்டுக்கு வீடு மட்குக் குழாயும் உயிர் எரிவாயுக் கலனும் வைத்து, தெருமுனைகளில் காற்றோட்ட மட்குத் தொட்டி கட்டியது. அங்கே மறித்து நின்றவர்கள் கிராமத்து ஜனங்கள். நாம் மறிக்க வேண்டியதில்லை, வாங்க முன்வந்தாலே போதும். இன்ன மாதம் இத்தனை டன் சுத்த மட்கு எடுத்துக்கொள்கிறோம், கண்ணாடி இருந்தால் திருப்பி அனுப்புவோம் என்று பத்து உழவர் கையெழுத்துப் போட்டுச் செயல் அலுவலரிடமும் வார்டு உறுப்பினரிடமும் கொடுத்தால், பிரித்து வாங்கச் சொல்லிக் கடைக்காரரிடம் கண்டிப்பாகப் பேச அவர்களுக்கும் ஒரு காரணம் கிடைக்கும். விலை வைத்தால் கொடுப்போம். சும்மா வாங்கியதால்தான் அன்றைக்கு நான் கேள்வி கேட்கவில்லை.

போன பிசானத்துக்கு இப்படிப் பார்த்து வாங்கிய ஒரு டிராக்டர் மட்கை வரப்போரம் குவித்திருந்தேன். நடவு நாளன்று அந்த அக்காவை மறுபடியும் கூப்பிட்டேன். வந்தார். ஒன்றும் பேசாமல் குவியலில் ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் வைத்து நிதானமாகத் தேய்த்துப் பார்த்தார். இன்னொரு இடத்தில் ஆழமாகக் கைவிட்டு மறுபடி ஒரு கை. பிறகுதான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொழியில் இறங்கினார்.