இருளில் ஒளிரும் படிகம்

பெரம்பலூருக்குக் கிழக்கேயும் அரியலூரைச் சூழவும் உள்ள நிலப்பகுதி, கிரிட்டேசியக் காலத்தில் பன்முறை கடலுள் ஆழ்ந்திருந்தது. அக்கடல் விட்டுச்சென்ற சிப்பிகள் சுண்ணாம்புப் பாறையுள் இன்றும் காணப்படுகின்றன. சாத்தனூரில் 1940ஆம் ஆண்டில் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் 18 மீட்டர் நீளமுடையது. சுண்ணாம்புப் பாறையில் மிகுந்திருப்பது கால்சைட்டு. மரத்தைக் கல்லாக்கியது சிலிக்கா.

இத்தகைய கனிமங்களை வேறுபடுத்தி அறியப் புவியியலார் கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிப்புள்ள தகடாகத் தேய்த்து, நுண்ணோக்கியின்கீழ் வைப்பர். அந்நுண்ணோக்கி தனித்தன்மை வாய்ந்தது. சாதாரண ஒளியலைகள் பல தளங்களில் அதிர்வன. தக்கதொரு வடிதட்டின் வழியே சென்றபின் அவை ஒரே தளத்தில் அதிரும். அதுவே தளவிளைவுற்ற ஒளி. முதல் தட்டிற்குக் குறுக்காக இரண்டாம் தட்டினை வைத்தால் ஒளி தடையுண்டு, காட்சி இருண்டுவிடும். இரண்டிற்கும் இடையே கால்சைட்டுத் துணுக்கை வைத்துத் திருப்பினால், அது இருளின் நடுவே சுடர்விடும். படிகம் ஒளியை இரு கூறாக்கி, வெவ்வேறு வேகத்தில் செலுத்துவதே இதற்குக் காரணம். இவ்விரட்டை விலகலை 1669இல் டென்மார்க்கு நாட்டு எராஸ்மஸ் பார்த்தோலின் கால்சைட்டிலேயே கண்டார். 1828இல் வில்லியம் நிக்கல் தெளிந்த கால்சைட்டைக் கொண்டே தளவிளைவுப் பட்டகம் அமைத்தார். ஆராயப்படும் கனிமமே ஆராயும் கருவியும் ஆயிற்று!

கல்லினுள் மட்டுமன்றி மனித உடலினுள்ளும் படிகங்கள் தோன்றுகின்றன. ஒருவர்க்கு முழங்கால் திடீரென வீங்கிச் சிவந்து கடுநோவு தருகிறது என்க. யூரேட்டுப் படிகம், கால்சியம் பைரோபாஸ்பேட்டுப் படிகம், நோய்க்கிருமி ஆகியவற்றுள் எதுவும் காரணமாகலாம். புறத்தோற்றம் கொண்டு பிரித்தறிதல் அரிது. கிருமியாயின், காலந்தாழ்த்துதல் மூட்டையே அழித்துவிடும்.

மருத்துவர் மூட்டிலிருந்து சிறிது நீரை ஊசியால் எடுத்து, ஒரு துளியை இந்நுண்ணோக்கியில் பார்ப்பர். 1961இல் அமெரிக்க மருத்துவர்களான மெக்கார்ட்டியும் ஹாலண்டரும் கௌட்டு என்னும் மூட்டுநோயில் இம்முறையால் யூரேட்டுப் படிகங்களை அடையாளங் காட்டினர். அவை ஊசிபோல் கூரியவை, மிகப் பளிச்சிடுபவை. நிறத்தகடு ஒன்றையும் இடையே செருகினால், அதன் குறியிட்ட அச்சிற்கு இணையாகக் கிடக்கும் ஊசி மஞ்சளாகவும், குறுக்கே கிடப்பது நீலமாகவும் தோன்றும். பைரோபாஸ்பேட்டுப் படிகம் பெரும்பாலும் குறுகிய சாய்சதுரம் போன்றது, மங்கலாகவே ஒளிர்வது, அதன் நிறங்களோ தலைகீழாக மாறிவரும். ஆயினும், படிகம் கண்டதனாலேயே கிருமி இல்லை எனத் துணிதல் தகாது. இரண்டும் ஒரே மூட்டில் இருத்தல் கூடும். ஆதலின் கிருமிக்கான சோதனையும் உடன் செய்யப்படும்.

சிறுநீரகத் திசுவிலும் இவ்வொளி பயன்படுகிறது. ஆங்குக் கால்சியம் ஆக்சலேட்டு பளிச்செனத் தோன்றும். கால்சியம் பாஸ்பேட்டோ பெரும்பாலும் இருளிலேயே மறைந்து நிற்கும்.

திசுவைப் பாதுகாக்கும் முறையிலும் விழிப்பு வேண்டும். வழக்கமாகத் திசுவை இடும் பார்மலின் நீர் கலந்தது. யூரேட்டோ நீரில் கரைவது. எனவே, கௌட்டு நோய் ஐயுறப்படும் திசுவை நீர் கலவாத ஆல்கஹாலில் இடுவர். பார்மலினில் இட்டால், படிகம் கிடந்த வெற்றிடம் மட்டுமே எஞ்சக்கூடும்.