கழுத்தறுத்தானும் பச்சைத் தோளும்

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சூளகிரி இறக்கம் வழியாக ஐம்பது கிலோமீட்டர் போனால் கிருஷ்ணகிரி. அது 500 மீட்டரை ஒட்டிக் கிடக்கிறது. ஒரே மாவட்டம், ஒரே நெடுஞ்சாலை. ஆனாலும் சித்திரை இரவில் ஓசூர்க்காரர் மெல்லிய போர்வையைத் தேடும்போது கிருஷ்ணகிரிப் பக்கத்துக் காவேரிப்பட்டினத்துக்காரர் மொட்டைமாடியில் பாய் விரிக்கிறார். மனிதருக்கு இது தூக்கப் பிரச்சினை. கொல்லையில் நிற்கிற தக்காளிக்கும் கோழிக்கும் பிழைப்பே இதில்தான் இருக்கிறது.

தக்காளியைக் கெடுப்பது பகல் வெயில் என்று நினைக்கிறோம். பாதிக் குற்றம் இரவுடையது. இந்தச் செடியின் காட்டு மூதாதைகள் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பக்கத்தில் வளர்ந்தவை. இரவில் குளிர்ந்து பழகியவை. இரவு 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் காய் நன்றாகப் பிடிக்கும். பகல் 35 டிகிரியைத் தொட்டு இரவும் ஆறாமல் போனால் மகரந்தம் மலடாகிவிடும், பூ காம்போடு உதிரும். இதில் பலரும் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு. மகரந்தம் உருவாவது பூ விரிவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, மொட்டுக்குள்ளே. வெப்பத்துக்கு அது மிகவும் அஞ்சுவது அந்தக் கட்டத்தில்தான். இன்றைக்குக் கொட்டுகிற பூ போன வாரத்து வெயிலுக்குக் கொட்டுகிறது. அதைப் பார்த்துப் பதறி இன்று இரண்டு குடம் தண்ணீர் கூடுதலாக ஊற்றுவதில் பயனில்லை, வேர்தான் அழுகும்.

ஆகவே கீழ்ப்பக்கம், அதாவது கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டினம் வட்டாரத்தில், ஐப்பசியில் நாற்று விட்டு மார்கழியில் பூக்க வைப்பது புத்திசாலித்தனம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டில் இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

காய் பிடித்த பிறகும் வெயில் விடாது. தக்காளியின் சிவப்பு லைகோபீன் என்ற நிறமியால் வருவது. முப்பது டிகிரிக்கு மேல் போகப்போக அதன் உற்பத்தி தளர்ந்துவிடும். மஞ்சள் நிறமியான பீட்டா கரோட்டின் மட்டும் தொடரும். கோடைப் பழம் சிவக்காமல் ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிடுவது அதனால்தான். நுனியில் நிறம் திரும்பியதும் பறித்து, வீட்டுக்குள் நிழலான மூலையில் பரப்பி வைத்தால் செடியில் இருப்பதைவிட நன்றாகச் சிவக்கும்.

இப்போது தோளுக்கு வருவோம். சந்தையில் 'பெங்களூர் தக்காளி', 'ஆப்பிள் தக்காளி' என்று விற்கிற கலப்பினப் பழம் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம். நாட்டுத் தக்காளி அப்படியில்லை. காயாக இருக்கும்போது காம்பைச் சுற்றி அடர்பச்சைத் தோள் தெரியும், பழமும் கோணலும் மடிப்புமாக இருக்கும். ராயக்கோட்டை மண்டியில் கிரேடு போட்டு வெளியூருக்கு லாரி ஏற்றும் வியாபாரிக்கு அந்தத் தோள் ஒரு குறை. உலகெங்கும் பயிர்ப்பெருக்கக்காரர்கள் பல பத்தாண்டுகளாக அதை நீக்கிச் சீரான நிறத்தைத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். 2012இல் வெளியான ஓர் ஆய்வு அந்தத் தேர்வின் விலையைக் காட்டியது. பச்சைத் தோளைத் தருகிற மரபணு, காயில் பச்சையத்தைப் பெருக்கி அங்கேயே சர்க்கரை தயாரிக்க உதவுகிறது. சீரான நிறப் பழங்களில் அந்த மரபணு பழுதாகி இருந்தது. நிறத்தைத் திருத்தப்போய் இனிப்பில் ஒரு பங்கைத் தொலைத்திருக்கிறார்கள்.

தோளோடு கூடிய பழத்துக்கு நம்மிடமே பி.கே.எம் 1 இருக்கிறது. அன்னஞ்சி என்ற உள்ளூர் வகையில் சடுதிமாற்றம் உண்டாக்கிப் பெரியகுளத்தில் உருவாக்கிய ரகம் அது. காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் உள்ள பையூர் ஆராய்ச்சி நிலையம் தந்த பையூர் 1 மானாவாரிக்கு ஏற்றது. இவை கலப்பினம் அல்ல, ரகம்; தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்வதால் விதை எடுத்து மறுபடி விதைத்தாலும் குணம் மாறாது. நன்கு பழுத்த பழத்தைப் பிழிந்து, விதையைச் சுற்றிய வழவழப்பு போக இரண்டு நாள் புளிக்க விட்டு, அலசி, நிழலில் உலர்த்தி வைத்தால் போதும். கடைக் கலப்பினத்தில் இதைச் செய்தால் ஒவ்வொரு செடியும் ஒரு ரகமாக முளைக்கும். ஆனால் இலைச்சுருட்டு வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈ மிகுந்த இடத்தில் நாட்டு ரகம் தடுமாறும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெங்களூரு ஹெசரகட்டா தோட்டக்கலை நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் கலப்பினம் அந்த வைரஸ் உட்பட மூன்று நோய்களைத் தாங்கும். பிழைப்புக்குப் பயிரிடுபவர் அதை நாடுவதில் தப்பில்லை. ரசத்துக்கு வளர்ப்பவருக்கு நான் நாட்டு ரகத்தைத்தான் சொல்வேன்.

இனி கோழிக்கு வருவோம். அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமே 41 டிகிரியை ஒட்டியது. கொண்டை, தாடை, இறகில்லாத தோல் வழியாகத்தான் சூட்டை வெளியேற்ற முடியும். அது போதாதபோது வாயைத் திறந்து இளைக்கும். இளைக்க இளைக்க ரத்தத்திலிருந்து கரியமில வாயு வெளியேறி, முட்டை ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் குறையும். கோடை முட்டை மெல்லிய ஓட்டோடு வருவது இதனால். ஓடு பெரும்பாலும் இரவில் படிவதால் கிளிஞ்சல் தூளைச் சாயங்காலத் தீனியோடு வைப்பது நல்லது.

இங்கேதான் கழுத்தறுத்தான் வருகிறது. தமிழ்நாட்டு, கேரள ஊர்களில் தென்படும், கழுத்தில் இறகே இல்லாத நாட்டுக்கோழி. பார்க்க அழகில்லை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் கழுத்தை மொட்டையாக்கும் மரபணு வந்தால் முன்கழுத்தில் ஒரு சிறு இறகுக் கொத்து நிற்கும்; இருவரிடமிருந்தும் வந்தால் கழுத்து முழு மொட்டை. முதல் வகைக்கு உடல் இறகில் ஏறத்தாழ கால்பங்கும், இரண்டாவதற்கு நாற்பது சதவீதமும் குறைவு. இறகு என்பது பெரும்பகுதி புரதம். அது மிச்சமானால் சூடும் தணியும், தீனிப் புரதமும் சதைக்குப் போகும். எடின்பரோ விஞ்ஞானிகள் 2011இல் இதன் சூட்சுமத்தை விளக்கினார்கள். முட்டைக்குள் குஞ்சு வளரும்போது இறகு மொட்டுகளைத் தடுக்கும் ஒரு புரதம் இவற்றில் மிகுதியாகச் சுரக்கிறது. கழுத்துத் தோலில் ஏற்கெனவே இருக்கும் ரெட்டினாயிக் அமிலம் அந்தத் தடையைப் பலமாக்குவதால் மொட்டை முதலில் கழுத்தில் விழுகிறது.

எந்தக் கோழியானாலும் வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி தவறக்கூடாது. கோடை பிறக்குமுன் போட்டுவிட வேண்டும். கால்நடை மருந்தகங்களில் கேட்டால் கிடைக்கும். ஓசூர்ப் பக்கத்தவருக்கு ஆலோசனை கேட்க மத்திகிரியில் கோழியினக் கல்லூரியே இருக்கிறது.

சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய வாடகை வீட்டின் பின்புறத்தில் தக்காளியையும் கோழியையும் சேர்த்து வைப்பவர் ஒன்றை மறக்கக்கூடாது. பச்சைக் கோழி எச்சத்தை நேரே செடியடியில் போட்டால் வேர் கருகும். மிஞ்சிய தழைச்சத்தால் செடி இலையாகவே தழைத்துப் பூவைக் குறைக்கும். சருகோடு கலந்து மக்க வைத்த பிறகே போட வேண்டும். செடிக்கு வலை கட்டுங்கள். கோழி முதல் சிவப்பைக் கொத்தாமல் விடாது. தக்காளி இலையும் பச்சைக் காயும் கோழிக்கு ஆகாது. விரிசல் விட்ட பழுத்த பழத்தைத் தாராளமாகப் போடலாம்.