கடலில் விழுந்த குண்டூசி

சென்னையில் ஒரு மாணவி. வீட்டில் உட்கார்ந்தபடியே, கம்ப்யூட்டர் வழியாக அயல்நாட்டுச் சர்வகலாசாலை ஒன்றின் பூகோளப் பாடத்தைப் படிக்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். முதல் நாள் திரையில் ஓர் உலகப் படம் தோன்றுகிறது. "எந்த ஊரிலிருந்து படிக்கிறீர்கள்? படத்தில் ஒரு குண்டூசி குத்துங்கள்" என்கிறார் ஆசிரியர். அவளும் சமர்த்தாகச் சென்னையின் மேல் குத்துகிறாள். மறுநாள் வகுப்பின் படத்தைத் திறந்தால் அவள் குண்டூசி எங்கே நிற்கிறது தெரியுமா? நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டி, பனிக்கட்டி மிதக்கும் கடலிலே!

பெண்ணின் பேரில் தப்பில்லை. சென்னை இருப்பது வட அட்சரேகை 13 டிகிரி, கிழக்குத் தீர்க்கரேகை 80 டிகிரி. படத்தைத் திரையில் காட்டுவதற்கு 'லீஃப்லெட்' என்று ஓர் இலவசக் கருவி உண்டு. உக்ரேனியரான விளாதிமிர் அகஃபோன்கின் 2011-ல் வெளியிட்டது. அது அட்சரேகையை முதலில் கேட்கும். இடங்களை எழுதி வைக்கும் 'ஜியோஜேஸான்' என்ற முறையோ தீர்க்கரேகையை முதலில் எழுதும். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் கொஞ்சம் அசந்தால், 13-ம் 80-ம் இடம் மாறி, சென்னைவாசி துருவவாசி ஆகிவிடுவார். எண்களை மறுபடி மாற்றிப் போட்டால் ஒரே கணத்தில் ஊர் திரும்பலாம். கப்பல் செலவு கிடையாது!

இந்தக் குண்டூசி விளையாட்டெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கூட்டந்தான் காரணம். 2011-ல் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையின் ஒரு வகுப்பில் சுமார் 1,60,000 பேர் பெயர் கொடுத்தார்கள். 2013-ல் பென்சில்வேனியா ஸ்டேட் சர்வகலாசாலையின் ஆந்தனி ராபின்ஸன் தேசப்படக் கலையைப் பற்றியே ஒரு பாடம் நடத்தினார். அதில் சேர்ந்தவர்கள் 40,000-க்கு மேல். கடைசியில் மாணவர்களே ஆளுக்கொரு படம் தயாரிக்க, ஒருவர் படத்துக்கு இன்னொருவர் மார்க்குப் போட்டார்கள். பின்னே என்ன செய்வது? அத்தனை பதில்களையும் ஒரே உபாத்தியாயர் படிக்க ஒரு ஜன்மம் போதுமா? ஆனால் பதில்களைப் படத்தின் மேல் புள்ளிகளாகத் தூவிவிட்டால், எங்கே எல்லோரும் தடுமாறுகிறார்கள் என்பது ஒரு பார்வையில் தெரிந்து போகும்.

தெரியும், கருவியைச் சரியாகச் செய்திருந்தால்! "நைல் நதி கடலில் கலக்கும் இடத்தைக் காட்டு" என்று ஒரு கேள்வி. மாணவன் கைப்பேசியில் விரலை வைக்கிறான். இத்தகைய படங்களில், மிகச் சிறிய நிலையில், முழு உலகமும் 256 புள்ளி அகலத்துக்குள் அடங்கியிருக்கிறது. பூமத்தியரேகையில் ஒரு புள்ளி என்பது 156 கிலோமீட்டர். விரல் நாற்பது புள்ளிகளை மறைத்தால் ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஆயிற்று! இந்தியாவின் அகலத்தைப் போல் இரண்டு பங்கு. பையன் நைலைக் காட்டினானா, பாரசீகத்தைக் காட்டினானா என்பது அவன் விரலுக்கே தெரியாது. அதற்குப் பூஜ்யம் போட்டால், அது அறிவுக்குப் போட்ட மார்க்கா, கட்டைவிரலுக்குப் போட்டதா? படத்தைப் போதிய அளவு பெரிதாக்காமல் குத்தினால் ஊசியை ஏற்காதே என்று கருவிக்குச் சொல்லி வைப்பதுதான் நியாயம்.

சரியான பதிலையும் ஒரே புள்ளியாக வைக்க முடியாது. நைல் பல வாய்க்கால்களாகப் பிரிந்து கடலில் விழுகிறது. ரோசெட்டாவைக் காட்டியவனும் சரி, டாமியெட்டாவைக் காட்டியவனும் சரி. ஆசிரியர் முகத்துவாரம் முழுவதையும் சுற்றி ஒரு வேலி வரைந்து, வேலிக்குள் விழுந்ததெல்லாம் சரி என்று விட வேண்டும். ஊர்களைக் கேட்டால், "ஒரு டிகிரி தவறினாலும் பரவாயில்லை" என்று தாராளம் காட்டுவதிலும் ஒரு வஞ்சகம் இருக்கிறது. பூமத்தியரேகையில் ஒரு டிகிரி 111 கிலோமீட்டர். ஆஸ்லோ நகரத்தருகே கிழக்கு மேற்காக அதில் பாதிதான். ஆகவே டிகிரியை விட்டுக் கிலோமீட்டரில் அளப்பதே மேல்.

இன்னொரு வேடிக்கை. ஊர் பெயரே வராத பதில்களைச் சில கருவிகள் பூஜ்யம், பூஜ்யம் என்று எழுதிவிடும். அவை எல்லாம் ஆப்பிரிக்காவின் மேற்கே கினி வளைகுடாவில் போய்க் குவியும். இல்லாத அந்த ஊருக்குப் படக்காரர்கள் 'நல் ஐலண்ட்', அதாவது 'சூன்யத் தீவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! கடல் நடுவே பெரிய மாணவர் கூட்டத்தைக் கண்டால் ஆசிரியர் பூரித்துப் போக வேண்டாம்.

வேடிக்கையை இத்துடன் நிறுத்துவோம். முதல் நாள் குத்திய அந்தக் குண்டூசிக்குத் திரும்புகிறேன். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் ஒரு தசமஸ்தானம் வைத்தால், இடம் சுமார் 11 கிலோமீட்டருக்குள் தெரியும். இரண்டு வைத்தால் ஒரு கிலோமீட்டர். நான்கு வைத்தால் 11 மீட்டர், அதாவது வீட்டு வாசல்! கம்ப்யூட்டரோ கேட்காமலே ஐந்தாறு ஸ்தானம் எழுதி வைக்கும். அந்தப் படத்தை வகுப்பிலுள்ள நாற்பதாயிரம் அந்நியர்களும் பார்க்கிறார்கள். தனியாகக் குடியிருக்கும் ஒரு பெண், பாடம் படிக்க வந்த ஒரே குற்றத்துக்காகத் தன் வாசற்படியை உலகத்துக்குக் காட்ட வேண்டுமா?

ஒரு தசமஸ்தானத்துக்கு மேல் சேமிக்கவே கூடாது என்பது என் கட்சி. சேமித்துவிட்டு மறைத்து வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பூட்டு என்றிருந்தால் சாவி ஒன்று எங்காவது இருக்கும். அதுவும் போதாது. குக்கிராமத்தில் ஒரே ஒரு ஊசி நின்றால், எண்ணை எவ்வளவு மழுக்கினாலும் ஊரார் ஆளைக் கண்டுபிடித்து விடுவார்கள். ஆகையால் ஐந்து பேருக்குக் குறைந்த இடங்களைத் தனியே காட்டாமல், மாவட்டத்தோடோ தேசத்தோடோ சேர்த்துவிட வேண்டும். பெயரைக் குண்டூசியோடு தொங்க விடவே கூடாது.

பிறர் குத்திய ஊசிகளை எப்போது காட்டுவது? தன் ஊசியைக் குத்திய பிறகுதான். முன்னாலேயே காட்டினால் கும்பல் இருக்கும் இடத்திலேயே எல்லாரும் குத்துவார்கள். காப்பியடிக்கச் சொல்லிக் கொடுக்க ஒரு சர்வகலாசாலை எதற்கு?

கண் தெரியாத மாணவர் ஒருவர் அதே வகுப்பில் சேர்ந்திருக்கலாம். அவருக்கு இந்தப் படம் வெறும் கண்ணாடிப் பலகை. படத்தின் கீழே ஒரு பெட்டி வைத்து, "இடத்தின் பெயரை எழுதுங்கள்" என்று கேட்டால் போதும். அவர் விசைப்பலகையில் 'ரோசெட்டா' என்று தட்டுவார். பெயரைப் பார்த்துக் கருவியே ஊசியைக் குத்திவிடும், தடித்த விரல்காரரைவிடத் துல்லியமாகவே.