அம்பாசடர் காரில் விசிறி உரசல்

எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறியின் இறக்கைகளுக்கும் அதன் முன்னே நிற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள வெற்றிடம் விசிறி இடைவெளி எனப்படும். இது குறைந்தால் இறக்கை ரேடியேட்டரில் உரசும். உரசல் முற்றினால் ரேடியேட்டர் ஓட்டையாகி நீர் ஒழுகும். எஞ்சின் கொதித்து ஹெட் கேஸ்கெட் கெடும். இக்கோளாறின் காரணத்தைக் கண்டறியும் முறை, அம்பாசடர் காரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு விளக்கப்படுகிறது.

அமைப்பு

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டது அம்பாசடர். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை இதைத் தயாரித்தது. நெடுங்காலம் இதில் பொருத்தப்பட்டது 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின். அதன் முன்புறம் உள்ள வாட்டர் பம்பின் கப்பியில் விசிறி முடுக்கப்பட்டிருக்கும். ஒரே பெல்ட் பம்பையும் விசிறியையும் டைனமோவையும் சுழற்றும்.

ரேடியேட்டர் காரின் உடலோடு பிணைக்கப்பட்டது; அசையாது. எஞ்சினோ ரப்பர் மவுண்டிங்குகளின் மேல் அமர்ந்து, பிரேக் போடும்போதும் வேகமெடுக்கும்போதும் சற்றே ஆடும். விசிறியும் அதனோடு சேர்ந்து ஆடும். ஆகவே வண்டி நிற்கும்போது இருக்கும் இடைவெளி இந்த ஆட்டத்துக்கும் இடம் தர வேண்டும். பொதுவாக 20 முதல் 25 மி.மீ. இருப்பது நல்லது. வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

வேகமாக ஓடும் காரில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். ஊர்ந்து செல்லும்போது விசிறியை விட்டால் வேறு வழியில்லை. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவின்போது, நடந்து வரும் பக்தர்களுக்கு நடுவே முதல் கியரில் நகரும் பழைய கார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அத்தகைய பயணத்துக்கு முன் விசிறியைச் சோதிப்பது நலம்.

தடயம் சொல்லும் காரணம்

ரேடியேட்டரில் கீறல் எங்கே விழுந்துள்ளது, எத்தனை இறக்கைகளில் உரசிய தடம் உள்ளது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ரேடியேட்டரில் முழு வட்டமாகக் கீறல் விழுந்து, ஓர் இறக்கையில் மட்டும் தடம் இருந்தால் அந்த இறக்கை வளைந்துள்ளது.

வட்டம் முழுமையாக இருந்து எல்லா இறக்கைகளிலும் தடம் இருந்தால், விசிறி மொத்தமாக முன்னே வந்துள்ளது அல்லது ரேடியேட்டர் பின்னே தள்ளப்பட்டுள்ளது. அளவு மாறிய பம்ப், தவறான விசிறி, முன்புறம் வாங்கிய அடி ஆகியவை காரணமாகலாம். பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் பொருத்திய வண்டிகளிலும் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லா இறக்கைகளிலும் தடம் இருந்து, கீறல் மேற்பகுதியில் மட்டும் பிறை வடிவில் இருந்தால் சாய்வே காரணம். முன் மவுண்டிங் ரப்பர் அமுங்கி எஞ்சினின் முன்பகுதி தாழ்ந்தால் விசிறியின் மேல் விளிம்பு முன்னே சாயும். ரேடியேட்டரின் மேல் பிடிப்பு தளர்ந்தாலும் இதே தடயம்தான் கிடைக்கும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று இப்பிடிப்புகளையும் போல்ட்டுகளையும் அரித்துவிடும்.

பிரேக் போடும்போது மட்டும் உரசும் ஓசை கேட்டால் மவுண்டிங்குகளை முதலில் பார்க்க வேண்டும்.

அளக்கும் முறை

எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, சூடு ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். முதலில் விசிறியை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கலாம். பம்பின் தண்டு ஆடினாலோ பம்பிலிருந்து நீர் கசிந்தாலோ அதன் பேரிங் தேய்ந்திருக்கும். பம்பைச் சரிசெய்த பிறகே அளவெடுக்க வேண்டும்.

ஆட்டம் இல்லையெனில் ஓர் இறக்கைக்குச் சுண்ணக்கட்டியால் அடையாளம் இட்டு, அதை மேலே நிறுத்தி இடைவெளியை அளக்க வேண்டும். அதே இறக்கையைக் கீழே கொண்டுவந்து மீண்டும் அளக்க வேண்டும். இரண்டு அளவும் வேறுபட்டால் சாய்வு உள்ளது. அடுத்து ஒவ்வோர் இறக்கையையும் ஒரே இடத்தில் நிறுத்தி அளக்க வேண்டும். இங்கே வேறுபட்டால் இறக்கை வளைந்துள்ளது.

சரிசெய்தல்

இடைவெளி போதவில்லை என்று இறக்கைகளின் நுனியை வெட்டக் கூடாது. காற்று குறையும், சமநிலை கெட்டுப் பம்பின் பேரிங்கும் விரைவில் தேயும். வளைந்த இறக்கையைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவதும் ஆபத்து. வளைந்த இடத்தில் விரிசல் கண்டு, ஓடும்போது முறிந்து பறக்கலாம். விசிறியை மாற்றுவதே முறை.

மவுண்டிங் ரப்பர்களை இணையாக மாற்ற வேண்டும். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிக் கெடும் என்பதால், எஞ்சினில் எண்ணெய்க் கசிவு இருந்தால் அதை முதலில் அடைக்க வேண்டும். இல்லையெனில் புது ரப்பரும் நாளடைவில் அமுங்கி, உரசல் திரும்ப வரும்.

சிலர் இவ்விசிறியை அகற்றிவிட்டு மின்விசிறி பொருத்துகின்றனர். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது பழைய டைனமோ தரும் மின்சாரம் மிகக் குறைவு. நெரிசலில் மின்விசிறி ஓடினால் பேட்டரி இறங்கிவிடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.