வயிற்றுக்குள் ஒரு வாடகைக்காரர்

வயிற்றில் எரிச்சல் என்றால் யாரைக் குற்றம் சொல்வீர்கள்? மிளகாயை, இல்லாவிட்டால் வெறும் வயிற்றில் குடித்த காபியை, அதுவும் இல்லையென்றால் ஆபீஸ் மானேஜரை! மயிலாப்பூர் மாட வீதியிலிருந்து தியாகராய நகர் பனகல் பார்க் வரையில் கேட்டுப் பாருங்கள், இதே பதில்தான் வரும். ஒரு காலத்தில் டாக்டர்களும் இப்படித்தான் சொன்னார்கள்.

1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள் உண்மைக் குற்றவாளியைப் பிடித்தார்கள். சுருள் வடிவமான ஒரு கிருமி. பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. "அமிலம் சுரக்கும் இரைப்பையில் கிருமியாவது, குடியிருப்பதாவது!" என்று பலர் நம்ப மறுத்தார்கள். 1984-ல் மார்ஷல் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கிருமியைக் கரைத்துத் தாமே குடித்துவிட்டார்! சில நாட்களில் வாந்தி, இரைப்பையில் அழற்சியும் கண்டது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

விஷயம் எரிச்சலோடு நிற்பதில்லை. 1994-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இக்கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளில் ஒன்றாகச் சேர்த்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் 1980-களிலிருந்து சென்னையின் புற்றுநோய்க் கணக்கை எழுதி வருகிறது. ஆண்கள் பட்டியலில் இரைப்பைப் புற்று நெடுங்காலம் முன்வரிசையில் இருந்திருக்கிறது.

அப்படியானால் பட்டாளத்துச் சிப்பாய் முதல் பள்ளிக்கூட வாத்தியார் வரை எல்லாரையும் பரிசோதிக்கச் சட்டம் போட்டால் என்ன? தைவானின் மாட்சு தீவுகளில் 2004 முதல் ஊரையே பரிசோதித்து மருந்து கொடுத்தார்கள். இரைப்பைப் புற்று குறைந்தது. ஆனால் அங்கே அந்த நோய் மிக அதிகம். நம் நாட்டிலோ, பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இக்கிருமி உண்டு. பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அத்தனை பேருக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்தால், மருந்துக்கு மசியாத கிருமிகள்தான் பெருகும்.

ஆகவே, யாருக்குப் பரிசோதனை அவசியம்? குடற்புண் கண்டவர்களுக்கு; தாய் தகப்பன், உடன்பிறந்தார் இரைப்பைப் புற்றால் அவதிப்பட்டவர்களுக்கு. ஒரு பையில் மூச்சை ஊதினாலே கண்டுபிடித்துவிடலாம். சிகிச்சை பெரும்பாலும் 14 நாள். வலி நின்றது என்று ஏழாம் நாளே மாத்திரையை நிறுத்தாதீர்கள். முடித்த பின் ஒரு மாதம் கழித்து மறுபடி சோதியுங்கள்.

மலம் கறுத்தாலோ, காரணமின்றி உடல் இளைத்தாலோ, விழுங்கச் சிரமமானாலோ, மிளகாயைத் திட்டிக்கொண்டிராமல் அன்றே டாக்டரிடம் போங்கள். அதற்குச் சட்டம் தேவையில்லை அல்லவா?