மலைமேல் ஓர் ஏரியூர்

வானம் பார்த்த ஓட்டப்பிடாரத்துக் கரிசல் பூமியில், மழை பொய்த்த வருஷங்களில் கண்மாயின் அடிமண் பாளம் பாளமாய் வெடித்துக் கிடப்பதைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு, ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில், பழனி மலைத்தொடரின் நடுவே நிறைந்து நிற்கும் கோடைக்கானல் ஏரி ஓர் அதிசயமாகவே தோன்றும். ஆயினும் அது இயற்கை ஈந்த தடாகமன்று. நம் கண்மாய்களைப் போலவே மனிதப் பிரயத்தனத்தால் உண்டானது.

மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள், சமவெளியின் வெப்பத்துக்கும் ஜுரத்துக்கும் அஞ்சி, 1845-இல் அங்கே முதல் வீடுகளைக் கட்டினர். பின்னர் 1863-இல், மதுரை ஜில்லாக் கலெக்டராயிருந்த வெரி ஹென்றி லெவிஞ்ச், ஓடைகள் வந்து கூடும் சதுப்பு நிலத்துக்குக் குறுக்கே கரையெழுப்பி, நட்சத்திரம்போல் கிளைகள் நீண்ட, சுமார் 60 ஏக்கர் நீர்ப்பரப்பை உருவாக்கினார். அதில் மிதந்த முதற் படகு நம் தூத்துக்குடியிலிருந்து சென்றது என்பர். மோட்டார்ப் பாதை இல்லாத அக்காலத்தில் அதை மலைமேல் கொண்டு சேர்த்த, பெயர் தெரியாத உழைப்பாளிகளை எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

ஏரிக்கும் மேலே, 1899-இல் ஸ்தாபிதமான சூரிய ஆராய்ச்சி நிலையத்தில், சூரியனின் கரும்புள்ளிகளில் வாயுக்கள் மையத்திலிருந்து புறம்நோக்கிப் பாய்வதை எவர்ஷெட் என்ற விஞ்ஞானி 1909-இல் கண்டறிந்தார். நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே எடுக்கப்பட்ட சூரியப் புகைப்படங்கள், உலகெங்குமுள்ள விஞ்ஞானிகளுக்கு இன்றும் பயன்படுகின்றன.